ஏழு கிரவுண்டும் ஒரு கடப்பாரையும்!

நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு என்ன செய்து கொண்டிருந்தீர்கள்?

தெரியும் சார். குறட்டை! வாரத்தில் ஆறு நாள் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் ஏழாவது நாள் ஒன்பதரை மணி வரை தூங்குவது அரசியல் சட்டம் கொடுத்த அடிப்படை உரிமை என்பதுதான் நம் எல்லோருடைய கட்சியும். வீட்டம்மா மட்டும் எதிர்க்கட்சி.

எங்கள் பேட்டையில் ஒரு கோஷ்டி இருக்கிறது. அந்த ஆறு மணிக்கே கடப்பாரை, மண்வெட்டி, பாண்டு சட்டி சகிதம் தெருவில் இறங்கிவிடும். முதல் தடவை பார்க்கிறவர்கள், யார் வீட்டையோ இடிக்கப் போகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். ஒரு நாள் ரோந்து வந்த ஏட்டு பைக்கை நிறுத்தி விசாரித்தே விட்டார்.

"செடி நடப் போறோம் சார்."

"இத்தனை பேரா? எத்தனை செடி?"

"ரெண்டு சார்!"

அவர் எங்களைப் பார்த்த பார்வையில், ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போகலாமா, கீழ்ப்பாக்கத்துக்குக் கூட்டிப் போகலாமா என்ற யோசனை தெரிந்தது. ஆனால் அதுதான் நிஜம். ரெண்டு செடி, பதினோரு பேர். ஏன் என்று சொல்கிறேன்.

சென்னைக்குத் தெற்கே, மின்சார ரயிலில் முக்கால் மணி நேரம் வந்தால் எங்கள் ஏரியா. எண்பதுகளில் வயல்களை மனையாக்கி விற்ற லே-அவுட். அதன் நடுவில் ஏழு கிரவுண்டு காலியிடம். விற்கும்போது கொடுத்த நோட்டீஸில் 'பார்க்' என்று போட்டிருந்தார்களாம். அதற்கப்புறம் முப்பது வருஷம் அந்த இடத்தில் வளர்ந்தது சீமைக் கருவேலம் மட்டும்தான். வீடு இடித்தவர்கள் கல்லையும் மண்ணையும் அங்கே கொட்டினார்கள். கிழிந்த மெத்தை, உடைந்த வெஸ்டர்ன் டாய்லெட், காலாவதியான மாத்திரைகள், போன வருஷத்துக் கொலு பொம்மை... சகலமும் சங்கமம். சாயந்திரம் ஆனால் 'குவார்ட்டர்' கோஷ்டி.

லே-அவுட்டுகளில் பார்க்குக்கு இடம் விட வேண்டும் என்பது யாரும் பெரிய மனசு பண்ணிச் செய்கிற காரியம் இல்லை. விதி. தமிழ்நாட்டில் பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் மனைப் பிரிவு போட்டால், சாலைக்கு விட்டது போக மீதியில் பத்து சதவிகிதத்தைப் பொது உபயோகத்துக்கென்று தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். இங்கிலீஷில் 'ஓ.எஸ்.ஆர். லேண்ட்' என்பார்கள். உங்கள் ஏரியாவிலும் ஒன்று இருக்கும். இப்போது அங்கே கல்யாண மண்டபமோ கார் ஷெட்டோ இருந்தால் நான் பொறுப்பல்ல.

எங்கள் கோஷ்டி ஆரம்பித்தது 2018ல். ஆரம்பித்தவர் ஒரு ரிடையர்டு தலைமை ஆசிரியை. பெயர் போட்டால் கோபித்துக் கொள்வார், ஆகவே டீச்சரம்மா. கூடவே ஒரு ரிடையர்டு சர்வேயர், ரெண்டு ஐ.டி. பையன்கள், ஒரு மெடிக்கல் ஷாப்காரர், நாலைந்து கல்லூரி மாணவ மாணவிகள். வாட்ஸ்அப் குரூப்பில் 146 பேர் இருக்கிறார்கள். கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறவர்கள் அறுபது பேர். நேரில் வருகிறவர்கள் ஆறிலிருந்து பதினெட்டு வரை. கிரிக்கெட் மேட்ச் இருந்தால் ஆறு.

நான் போய்ச் சேர்ந்தது 2021ல், லாக்-டவுன் முடிந்த சமயம். வாரப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான். "சும்மாதானே உக்காந்திருக்கீங்க, அந்த டீச்சரம்மா கூடப் போய்க் குழியாவது வெட்டுங்க" என்று என் மனைவி தாரை வார்த்துக் கொடுத்துவிட்டாள். டீச்சரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னப்பா படிச்சிருக்கே?"

"பி.காம். டீச்சர்."

"நல்லதாப் போச்சு. கணக்கு எழுத ஆள் இல்லே."

ஆக, கடப்பாரையைத் தொடுமுன்பே பொருளாளர் ஆகிவிட்டேன். பழைய நோட்டைக் கொடுத்தார். புரட்டினால் முதல் பக்கமே சோகம்.

2018 ஜூலையில் ஒரு கம்பெனி நூறு கன்றுகளை இலவசமாகக் கொடுத்து, பேனர் கட்டி, போட்டோ எடுத்துக் கொண்டு போயிருக்கிறது. பெரும்பாலும் குல்மோஹர். ஒரே காலையில் நூறும் நட்டாயிற்று. அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியது. 2019ல் சென்னைக்குக் குடிநீர் கொடுக்கிற ஏரிகளே வறண்டு, ரயிலில் ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மனுஷனுக்கே குடத்துக்கு அடிதடி. செடிக்கு யார் ஊற்றுவார்கள்? நோட்டில் டீச்சரம்மா கையெழுத்தில் ஒரே வரி: 'நட்டது 100. இருப்பு 9.'

காமர்ஸ் படித்தவனுக்கு இதைவிடத் தெளிவான பாலன்ஸ் ஷீட் கிடையாது. 'லட்சம் மரக்கன்று நடும் விழா' என்று பேப்பரில் படிக்கும்போதெல்லாம் அதற்கடுத்த வருஷத்து ஸ்டாக் ரிஜிஸ்டரை யாராவது காட்ட மாட்டார்களா என்று இருக்கும். கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் ஸ்டாக் எடுக்கின்றன. மரத்துக்கு மட்டும் கொள்முதல் கணக்கோடு நிறுத்திக் கொள்கிறார்கள்.

அதற்கப்புறம் டீச்சரம்மா போட்ட சட்டம்தான், ஒரு வாரத்துக்கு ரெண்டே செடி. அதிகபட்சம் நாலு. எவ்வளவுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறதோ அவ்வளவுதான் நட வேண்டும். நடுகிற செடிக்கு அக்கம்பக்கத்தில் ஒரு வீட்டுக்காரர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். பாங்க் லோனுக்கு ஜாமீன் கேட்கிற மாதிரி.

பதினோரு பேர் ஏன்? எங்கள் மண்ணில் குழி வெட்டிப் பார்த்தால் தெரியும். ரெண்டு அடி அகலம், ரெண்டு அடி நீளம், ரெண்டு அடி ஆழம். இதுதான் குழி. காகிதத்தில் சுலபம். முப்பது வருஷம் கட்டட இடிசல் கொட்டின இடத்தில் முதல் அரை அடிக்குக் கீழே கான்கிரீட் கட்டி, செங்கல், கம்பி. கடப்பாரை இறங்கினால் 'ணங்' என்று திரும்பி வந்து தோள்பட்டையில் பேசும். ஒருவர் ஐந்து நிமிஷம் குத்தினால் அடுத்தவர் கைமாற்றிக் கொள்ள வேண்டும். ஏ.சி. ரூமில் கீ-போர்டு தட்டுகிற ஐ.டி. பையன் முதல் நாள் உள்ளங்கையில் நாலு கொப்புளத்தோடு போனான். இனிமேல் வரமாட்டான் என்று நினைத்தோம். அடுத்த வாரம் கையுறை வாங்கிக் கொண்டு வந்தான். ஒரு டஜன்!

வெட்டும்போது மேல்மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் போட வேண்டும். மூடும்போது மேல்மண்ணும் மக்கிய சாணியும் கலந்து வேருக்குப் பக்கத்தில். பிளாஸ்டிக் பையைக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் நட வேண்டும். (சிரிக்காதீர்கள். பையோடு நட்ட விழாக்களைப் பார்த்திருக்கிறேன்.) சவுக்குக் கம்பை ஊன்றிப் பழைய வேட்டிக் கிழிசலால் தளர்வாகக் கட்ட வேண்டும். கம்பியோ நைலான் கயிறோ கட்டினால், தண்டு பருக்கப் பருக்க அதுவே தூக்குக் கயிறு. சுற்றிலும் காய்ந்த சருகைப் போட்டு மூடாக்கு. வெயில் காலத்துக்கு டீச்சரம்மாவின் ஸ்பெஷல் ஐட்டம் ஒன்று உண்டு. சின்ன மண்பானையின் அடியில் ஓட்டை போட்டு, பருத்தித் துணித் திரி சொருகி, செடிக்குப் பக்கத்தில் புதைத்து விடுவார். வாரம் ரெண்டு முறை பானையை நிரப்பினால் போதும். சொட்டுச் சொட்டாக வேருக்கே போகும்.

என்ன செடி நடுவது என்பதில்தான் குரூப்பில் பெரிய யுத்தம். ஐ.டி. பையன்கள் மியாவாக்கி கட்சி. அகிரா மியாவாக்கி என்ற ஜப்பானியத் தாவரவியல் நிபுணர் (1928ல் பிறந்து 2021ல் காலமானார்) கண்டுபிடித்த முறை. அந்தந்த மண்ணுக்கே உரிய மரங்களை ஒரு சதுர மீட்டருக்கு மூன்று, நாலு என்று நெருக்கி நட்டால், வெளிச்சத்துக்குப் போட்டி போட்டுக் கொண்டு மளமளவென்று காடாகிவிடும். 2020லிருந்து சென்னையில் பல இடங்களில் போட்டிருக்கிறார்கள். பார்க்க ஜோர்தான். ஆனால் மூன்றடி ஆழத்துக்கு மண்ணையே மாற்றி, முதல் ரெண்டு மூன்று வருஷம் விடாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். எங்கள் கஜானாவில் அப்போது இருப்பு ரூபாய் நாலாயிரத்துச் சொச்சம். தவிர, "காட்டுக்குள்ளே புள்ளைங்க எங்கடா கிரிக்கெட் ஆடும்?" என்று கேட்டார் மெடிக்கல் ஷாப்காரர். என் ஓட்டும் அவருக்குத்தான். ஏழு கிரவுண்டில் நடுவே ஒரு பிட்ச் விட்டுவிட்டு ஓரமாக மரம் என்று தீர்மானம் நிறைவேறியது.

மரம் எது என்பதை 'வர்தா' ஏற்கெனவே முடிவு செய்து கொடுத்திருந்தது. 2016 டிசம்பர் 12ம் தேதி அடித்த அந்தப் புயலில் சென்னைத் தெருக்களில் மல்லாந்து கிடந்த மரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தூங்குமூஞ்சி, குல்மோஹர், பெருங்கொன்றை... நிறைய. குல்மோஹரின் பூர்வீகம் மடகாஸ்கர். தூங்குமூஞ்சிக்குத் தென்னமெரிக்கா. பூவும் நிழலும் பிரமாதம்தான், கிளை உடைவதும் அதே வேகத்தில்தான். ஆகவே புங்கம், பூவரசு, நாவல், மகிழம், புன்னை, நீர்மருது, வேம்பு என்று பட்டியல் போட்டோம். பாட்டிமார்களிடம் காட்டியபோது ஒரு பாட்டி, "இதெல்லாம் முன்னே இங்கேயே இருந்ததுதானேடா" என்றார். 2021 அக்டோபரில் ஆரம்பித்து அடுத்த வருஷம் முடிவதற்குள் 84 மரம்.

அதற்கு முன்னால் சீமைக் கருவேலத்தைக் கிளப்ப வேண்டியிருந்தது. 1870களில் வெள்ளைக்காரன் காலத்தில் கடப்பா பக்கம் விதைத்ததாகச் சொல்கிறார்கள். வறட்சிப் பிரதேசத்துக்கு விறகாகட்டும் என்று கொண்டு வந்த விருந்தாளி, வீட்டுக்காரனையே விரட்டிவிட்டது. வெட்டினால் சாகாது. தூரிலிருந்து நாலு பங்காகத் துளிர்க்கும். வேரோடு தோண்ட வேண்டும். முள் செருப்பைத் துளைத்துக் கொண்டு வரும். மூன்று மாதம் ஆனது. தோண்டின விறகை, பக்கத்தில் ஆடு வைத்திருக்கிற ஆயாவிடம் கொடுத்தோம். இதில் ஒரு ராஜதந்திரம் இருந்தது. இரும்புக் கூண்டு விலை செடி விலையைப் போல இருபது மடங்கு. நம்மால் ஆகாது. ஆயாவிடம் டீச்சரம்மா ஒப்பந்தம் போட்டார்: "விறகு பூரா உனக்கு. ஆடு உள்ளே வரக் கூடாது." அன்றிலிருந்து வேற்று ஆடு வந்தால்கூட முதல் கல் ஆயாவுடையதுதான்.

என் கணக்கு நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மாதிரி சங்கங்களில் சேரப் போகிற இளைஞர்கள் தெரிந்து கொள்ள வேண்டியது. வரவு: மாதம் ஆளுக்கு நூறு ரூபாய், பழைய பேப்பர் விற்ற காசு. செலவில் முதலிடம் லாரித் தண்ணீருக்கு. இரண்டாமிடம் டீயும் மெதுவடையும். மூன்றாமிடம்தான் செடி. ஆரம்பத்தில் வடையை நிறுத்தி இன்னும் நாலு செடி வாங்கலாம் என்று ஒரு ஐ.டி. தம்பி சிக்கன யோசனை சொன்னான். "வடையை நிறுத்தினா அடுத்த வாரம் நீயும் நானும்தான் வருவோம்" என்று சர்வேயர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அனுபவஸ்தர்.

கணக்கில் எனக்கு ஒரு விஷயம் பிடிபடவில்லை. கடப்பாரையை வாங்கினால் அஸெட். வருஷா வருஷம் தேய்மானம் எழுத வேண்டும். மரத்தை எதில் எழுதுவது? வருஷா வருஷம் மதிப்பு கூடிக் கொண்டே போகிற ஒரு சொத்தைப் பற்றி என் பி.காம். புத்தகத்தில் இந்த அளவுக்குப் போடவில்லை.

2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' வந்தது. எங்கள் தெருக்களில் முழங்கால் தண்ணீர். பார்க்கில் இடுப்பளவு. நாங்கள் மழைநீர் தங்கட்டும் என்று மூலையில் வெட்டியிருந்த பள்ளம் ஊருக்கே குளமாகிவிட்டது. இதில் ஒரு நல்ல காரியம், முன்பெல்லாம் ரெண்டாவது தெருவில் ஒரு வாரம் நிற்கிற தண்ணீர் இந்தத் தடவை மூன்று நாளில் இறங்கியது. பள்ளம்தான் குடித்தது என்பது எங்கள் கட்சி. கவுன்சிலர் ஆட்கள் புது வாய்க்கால்தான் காரணம் என்கிறார்கள். இருக்கட்டும், ரெண்டு பேருக்கும் பங்கு உண்டு. தண்ணீர் வடிந்ததும் ஸ்டாக் எடுத்தோம். நீர்மருதுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆற்றங்கரை ஜாதி. நாவலும் புங்கமும் சமாளித்தன. வேம்புக்கு வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது. எட்டில் ஆறு போய்விட்டது. இன்னும் சில சில்லறை நஷ்டங்கள். இருப்பு 73.

இதுவரை சொன்னதெல்லாம் சுகமான கதை. 2024 ஜூலையில் ஒரு ஞாயிறு காலை போனால், பார்க்கைச் சுற்றிக் கருங்கல் தூண்கள்! ராத்திரியோடு ராத்திரியாக நட்டு முள்கம்பி சுற்றியிருந்தார்கள். நாலு செடி கம்பிக்கு இடைஞ்சல் என்று வெட்டப்பட்டுக் கிடந்தது. நடுவே புத்தம் புது போர்டு: 'இந்த இடம் தனியாருக்குச் சொந்தமானது. அத்துமீறி நுழைபவர்கள் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.' கீழே ஒரு செல்போன் நம்பர்.

டீச்சரம்மா ஒன்றும் பேசவில்லை. வெட்டின புங்கங்கன்றின் தூரைத் தொட்டுப் பார்த்தார். "அடி இருக்கு. துளிர்க்கும். தண்ணி ஊத்துங்க" என்றார். கம்பிக்கு வெளியிலிருந்து குடத்தைச் சாய்த்து ஊற்றினோம்.

பத்து மணிக்கு வெள்ளைக் காரில் ஒருவர் வந்தார். மரியாதையான மனிதர். கைகூப்பினார். லே-அவுட் போட்டவரின் வாரிசுகளிடம் முறைப்படி கிரயம் வாங்கியிருக்கிறாராம்.

"உங்க சேவையெல்லாம் கேள்விப்பட்டிருக்கேன்மா. மரம்தானே வைக்கணும்? ஏரிக் கரையில எவ்வளவோ இடம் இருக்கு. அம்பது இரும்புக் கூண்டு நானே ஸ்பான்சர் பண்றேன்."

"கூண்டை நீங்களே வெச்சுக்குங்க தம்பி. உள்ளே யாரை வைக்கணும்கிறதை அப்புறம் பேசிக்கலாம்."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். நாங்கள் சிரிக்கவில்லை. அன்று வடையை யாரும் தொடவில்லை. அந்த ஏழு கிரவுண்டு இன்றைய விலையில் எத்தனை கோடி என்று ஒவ்வொருவர் மண்டையிலும் கணக்கு ஓடியது. கோடிக்கு எதிராக எங்கள் கையில் இருந்தது ஒரு கடப்பாரை.

அங்கேதான் சர்வேயர் விசுவரூபம் எடுத்தார். மூன்று வருஷமாக வடை தின்று கொண்டிருந்த மனுஷன், மறுநாள் காலை பழைய லெதர் பையோடு என் வீட்டு வாசலில். "வா தம்பி. போராட்டம், மறியல்னு ஆரம்பிக்காதீங்க. முதல்ல காகிதம்."

காகித வேட்டைக்கு எழுதத் தெரிந்தவன் வேண்டும் என்று என்னைக் கூட்டிக் கொண்டார். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ல் வந்தது. பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, அங்கீகரிக்கப்பட்ட லே-அவுட் வரைபடத்தின் நகல் கேட்டு மனு எழுதினேன். முப்பது நாளில் பதில் தர வேண்டும். சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) 'அந்த ஃபைல் மழையில் நனைந்துவிட்டது' என்று வாய்மொழியாகத் தகவல் கொடுத்தார்கள். "எந்த மழைன்னு எழுதிக் குடுங்க" என்றார் சர்வேயர். முப்பத்தோராவது நாள் மேல்முறையீடு. நாற்பத்தேழாவது நாள் ஃபைல் காய்ந்துவிட்டது!

வரைபடத்தில் ஏழு கிரவுண்டும் பச்சைக் கோடு போட்டு 'பார்க்' என்று துல்லியமாக இருந்தது. அது பாதி வெற்றிதான் என்றார் சர்வேயர். வரைபடத்தில் பார்க் என்று போட்டுவிட்டு தானப் பத்திரம் எழுதிக் கொடுக்காமல் ஏய்த்த ஆசாமிகள் அந்தக் காலத்தில் நிறைய. பத்திரம் இருக்கிறதா? பதிவுத் துறையின் வில்லங்கச் சான்றிதழை இப்போது கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். சர்வே நம்பரைப் போட்டு, ஐ.டி. பையன் ஒவ்வொரு பதிவாகத் தள்ளிக் கொண்டே வந்தான். கிரயம், அடமானம், கிரயம், பாகப் பிரிவினை... ராத்திரி பதினொன்றரை மணிக்கு, 1987ம் வருஷத்தில், 'தானம்'. வாங்கியவர் பெயருக்கு எதிரே அன்றைய பஞ்சாயத்து.

சர்வேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டார். "தானம் குடுத்த மாட்டைத் திருப்பி வித்திருக்கான்யா!"

பார்க் நிலத்தைப் பார்க்காகவே வைத்திருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1959லேயே பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சுப்ரீம் கோர்ட்டும் 1991ல் ஒரு பெங்களூர் வழக்கில் அடித்துச் சொல்லியிருக்கிறது. பார்க்குக்கு ஒதுக்கின இடத்தை ஒரு தனியார் டிரஸ்ட்டுக்கு ஆஸ்பத்திரி கட்டக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்துக் குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். 'உங்களுக்கு என்ன உரிமை?' என்ற கேள்வியைத் தள்ளிவிட்டு, ஆஸ்பத்திரி என்றாலும் பார்க்கில் கட்டக் கூடாது என்று தீர்ப்பு. குடியிருப்பவன் கேள்வி கேட்கலாம் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த இடம். பெரிய வக்கீல் வேண்டாம், பெரிய கட்சி வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரனாக இருந்தால் போதும்.

வரைபடம், தானப் பத்திரம், மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றின என் கணக்கு நோட்டு... எல்லாவற்றையும் இணைத்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தோம். முப்பது பேர் போனோம். வாட்ஸ்அப்பில் கட்டை விரல் மட்டுமே காட்டிக் கொண்டிருந்தவர்களில் பலரை அன்றுதான் முழு உடம்போடு பார்த்தேன். ஆடு ஆயாவும் வந்திருந்தார். "எங்க பார்க்கு" என்று அவர் அதிகாரியிடம் சொன்னபோது டீச்சரம்மா என் பக்கம் திரும்பிக் கொண்டார்.

நாலு மாதம் ஆயிற்று. மூன்று தடவை அளந்தார்கள். நவம்பரில் ஒரு நாள் ஜே.சி.பி. வந்து தூண்களைப் பிடுங்கியது. அதே வாரத்தில் வெள்ளைக் கார்க்காரர் சிவில் கோர்ட்டுக்குப் போய்விட்டார். இப்போது வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வரும்வரை இருப்பது இருக்கிறபடியே இருக்க வேண்டும் என்று உத்தரவு. இருக்கிற மரத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம். புதிதாகக் குழி வெட்டக் கூடாது. என் நோட்டில் 'வழக்குச் செலவு' என்று புதுப் பக்கம் திறந்தாயிற்று. வக்கீல், எங்கள் மெடிக்கல் ஷாப்காரரின் மச்சான். பாதி பீஸ். மீதிப் பாதிக்கே மூச்சு முட்டுகிறது.

"இழுக்கட்டும் தம்பி" என்கிறார் சர்வேயர். "ஒவ்வொரு வாய்தாவுக்கும் மருத மரம் அரை அங்குலம் பருக்குது. கமிஷனர் வந்து பாக்கறப்போ நிழல்ல நின்னு ரிப்போர்ட் எழுதட்டும்." வெட்டுப்பட்ட நாலில் மூன்று துளிர்த்துவிட்டன. மூத்த புங்கம் ஒன்று பூத்தும்விட்டது.

இந்த மாதிரி கோஷ்டிகள் எங்கள் ஊரில் மட்டும் இல்லை. கோட்டூர்புரத்தில் அடையாறு ஓரம் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தை 2006லிருந்து 'நிழல்' அமைப்பினர் மரப் பூங்காவாக மாற்றியிருக்கிறார்கள். நாட்டு மரங்களை அடையாளம் தெரிந்து கொள்ள அங்கே ஒரு நடை போய் வரலாம். கோயம்புத்தூரில் குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் ஞாயிறு விடிந்தால் ஏதாவது ஒரு குளக்கரையில் இருக்கிறார்கள். வெள்ளலூர் குளக்கரையைப் போய்ப் பாருங்கள்.

குழி வெட்டத் தடை என்பதால் எங்கள் கடப்பாரைக்கு இப்போது மாற்று வேலை. தெருவோர மரங்களின் கழுத்தை நெரிக்கிற மாதிரி நடைபாதைக்கு கான்கிரீட் போடுகிறார்களே, அதை உடைத்து எடுப்பது. வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகாவிட்டால் அடுத்த புயலில் அந்த மரம்தான் முதலில் சாயும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் கான்கிரீட் இருக்கக் கூடாது என்று 2013ல் டெல்லிக்காக தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவே போட்டிருக்கிறது. வார்டு ஆபீஸில் எழுத்துமூலம் அனுமதி வாங்கிக் கொண்டு ஆரம்பித்தோம். கூடவே மரத்தில் அடித்த ஆணிகளைப் பிடுங்குவது. டியூஷன், வாடகைக்கு வீடு, மூல வியாதி, 'வீட்டிலிருந்தே மாதம் ஐம்பதாயிரம்'... ஒரே ஒரு வேப்ப மரத்தில் முப்பத்தேழு ஆணி எண்ணினேன். போன மாதம் மட்டும் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு விற்ற ஆணி வரவு ரூபாய் 212. அதையும் நோட்டில் எழுதியாயிற்று, வழக்குச் செலவுக்கு நேரே.

அடுத்த வாய்தா வரைக்கும் மூன்றாவது தெருவில்தான் வேலை. அங்கே பதினாலு மரம் பாக்கி. ஆள் வருகிறார்கள், ஆனால் கடப்பாரை இன்னும் ஒன்றுதான். உங்கள் வீட்டுப் பரணில் ஏதாவது துருப்பிடித்துக் கிடந்தால் எடுத்துக் கொண்டு வாருங்கள். ஆறு மணி. வடை ஏழரைக்கு.